ஏ.சி-க்கு ஸ்டார் இருக்கு... உங்க அபார்ட்மென்ட்டுக்கு?

இரவு பத்து மணி. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் ஃப்ளாட். வெயில் போய் நான்கு மணி நேரமாகியும் கூரை அனல் கக்குகிறது. 'ஃபைவ் ஸ்டார் ஏ.சி வாங்கியும் கரன்ட் பில் குறையலையே' என்று புலம்பாத வீடு குறைவு. ஏ.சி மேல் தப்பில்லை. பகல் முழுக்கக் கூரையும் மேற்குச் சுவரும் குடித்த வெப்பத்தைத்தான் அது ராத்திரி முழுக்க வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

சரி, கட்டடத்துக்கு இப்படி ஒரு தரம் கிடையாதா? உண்டு. ஏ.சி-க்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஸ்டார் முறையைக் கொண்டுவந்த மத்திய அரசின் பி.இ.இ அமைப்புதான் இதையும் உருவாக்கியது. மால், அலுவலகம் போன்ற பெரிய வணிகக் கட்டடங்களுக்கு 2007-ல் 'ஈ.சி.பி.சி' விதித்தொகுப்பு வந்தது. வீடுகளுக்கான 'எகோ நிவாஸ் சம்ஹிதா' 2018 டிசம்பரில் வெளியானது.

பிறகு ஏன் நம் கூரை கொதிக்கிறது?

டெல்லியில் எழுதிய விதி தானாக உங்கள் தெருவுக்கு வந்துவிடாது. 2001-ம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டப்படி, மாநில அரசு அதைத் தன் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பத் திருத்தி அறிவிக்கலாம். அறிவித்தாலும் வேலை பாதிதான். விதியைக் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் எரிசக்தித் துறை. பிளான் அப்ரூவல் கொடுப்பதோ நகராட்சி, நகரமைப்புத் துறைகள். தமிழ்நாட்டில் அந்த அப்ரூவலுக்கு அடிப்படை, 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இப்படிப்பட்ட கட்டட விதிகளுக்குள் ஒரு வரியாகச் சேர்ந்தால்தான், பிளானைப் பார்க்கும் அதிகாரி 'கணக்கு எங்கே?' என்று கேட்க முடியும்.

2014 ஜனவரியில், பிரிவதற்கு முன்பிருந்த ஆந்திரா இதைத்தான் செய்தது. அடுத்து ஒரு சிக்கல். சுவர், கண்ணாடி வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரும் என்ற கணக்கை நகராட்சி இன்ஜினீயர் எப்படிச் சரிபார்ப்பார்? அதற்கென்று பயிற்சி பெற்ற வெளி நிபுணர்கள் சான்றளிக்கும் முறையைத் தெலங்கானா கொண்டுவந்தது.

இது நமக்குப் புதிதில்லை. 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது நினைவிருக்கலாம். அதுவரை 'செய்தால் நல்லது' என்றிருந்த விஷயம், சட்டத்தில் ஏறியதும் வீட்டுக்கு வீடு குழாயும் குழியுமாக மாறியது. பராமரிப்பு எப்படி என்பது வேறு கதை!

கட்டாயம் எதற்கு? கூரைக்கு வெப்பத் தடுப்பு போடாமல் விட்டால் மிச்சமாவது பில்டரின் பணம். அடுத்த நாற்பது, ஐம்பது வருடம் கரன்ட் பில் கட்டுவது குடியிருப்பவர். ஒரு வருடம் தாமதமானால்கூட, அந்த வருடம் எழும்பிய கட்டடங்கள் அத்தனையும் பழைய கணக்கிலேயே நின்றுவிடும். வீடுகளையும் சட்ட வரம்புக்குள் கொண்டுவர 2022-ல் திருத்தம் நிறைவேறி, 2023 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. இனி பந்து மாநிலங்களிடம்தான்.

ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் டேப் எடுத்துப் போகலாம். சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல், பால்கனிக் கதவுகளின் பரப்பு, வீட்டின் கார்பெட் ஏரியாவில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது எகோ நிவாஸ் சம்ஹிதா. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி. இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மறுபாதி எப்போதும் மூடித்தானே இருக்கும்!