கண்ணாடி கழுவும் தண்ணீர் வரவில்லையா?



லேசான தூறலில் இரவுப் பிரயாணம். முன்னே போகும் லாரி சேற்றை வாரி நம் காரின் முன்கண்ணாடியில் இறைக்கிறது. வைப்பரைப் போட்டால் சேறு இன்னும் பரவுகிறது. கழுவலாம் என்று சுவிட்சை இழுத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் அந்தச் சேற்றில் சிதற, சாலையே தெரியாமல் போகிறது. எனக்கு ஒருமுறை இப்படி ஆயிற்று. ஓரமாக நிறுத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித்தான் கழுவினேன்.

வீட்டிற்கு வந்து பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர்! அடைப்பு நாசிலில் இருந்தது. அதன் துளை குண்டூசி முனையளவுதான். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, போர் தண்ணீரின் அதே உப்பு வெயிலில் காய்ந்து துளையை அடைத்துவிடுகிறது.

சுவிட்சை இழுத்ததும் மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று முதலில் கவனியுங்கள். கேட்காவிட்டால் பியூஸையோ மோட்டாரையோ மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். சத்தம் கேட்டும் தண்ணீர் வராவிட்டால், பானெட்டைத் திறந்து நாசிலோடு சேரும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். குழாயில் தண்ணீர் நன்றாக வந்தால் நாசிலில்தான் அடைப்பு. மெல்லிய ஊசியால் பதமாகக் குத்திவிடலாம். அழுத்தினால் துளை பெரிதாகித் தண்ணீர் சிதறும். விசிறிபோல் தெளிக்கும் புதுவகை நாசிலில் ஊசியே வேண்டாம். பங்க்சர் கடையில், வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே காற்றடிக்கச் சொல்லுங்கள். குழாய் கழன்றே இருக்கட்டும். உப்பு இறுகியிருந்தால் நாசிலைக் கழற்றி வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்து அலசுங்கள். குழாயிலேயே தண்ணீர் வராவிட்டால் அது மடங்கியிருக்கலாம், அல்லது தொட்டியடியில் உள்ள சல்லடையில் பாசி பிடித்திருக்கலாம். காலித் தொட்டியோடு சுவிட்சை இழுத்துக்கொண்டே இருந்தால் மோட்டார் கெட்டுவிடும்.

எத்தனை முறை குத்தினாலும், மறுபடி அதே உப்புத் தண்ணீரை ஊற்றினால் அடைப்பு திரும்பவும் வரும். ஆகையால் ஆர்.ஓ. தண்ணீரில் கண்ணாடி கழுவும் திரவத்தைக் கலந்து ஊற்றுங்கள். சோப்புத்தூள் கூடாது, அதுவும் படியும்.

அநேகர் அறியாத மற்றொரு காரணமும் உண்டு. வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்னும் கிருமி வளரக்கூடும். அந்தத் தண்ணீர் நுண்துளியாகி மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் கடும் நிமோனியா வரலாம். திரவம் கலக்காமல் வெறும் தண்ணீரை ஊற்றியவர்களுக்கு இந்நோயின் ஆபத்து அதிகம் என்று இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் செய்யப்பட்டு 2010-ல் வெளியான ஆய்வு கண்டது.

ஊற்றுமுன் மூடியைப் பாருங்கள். கண்ணாடியும் நீர்த்துளியும் வரைந்திருப்பதே இந்தத் தொட்டி. ரேடியேட்டருக்கானதும் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும்.