பென்குயின்: பனியில் வாழும் பறவையா, குளிர்நீரில் உணவு தேடும் பறவையா?



பென்குயினின் வாழிடம் எது எனக் கேட்டால், "பனி சூழ்ந்த அந்தாட்டிக்கா" என்றே பலரும் உடனே விடை எழுதுவர். இவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதுமன்று. பசுபிக் சமுத்திரத்தில், மத்திய கோடு ஊடறுத்துச் செல்லும் கலாபகோஸ் தீவுகளிலும் பென்குயின்கள் வாழ்கின்றன. எமது கொழும்பு நகரம் மத்திய கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கே அமைந்துள்ளது. அப்படியாயின், மத்திய கோட்டிலேயே வாழக்கூடிய பென்குயின் வெள்ளவத்தைக் கடற்கரையில் ஏன் இல்லை? இக்கேள்விக்குரிய விடையை விளங்கிக்கொண்டால் இசைவாக்கம், வாழிடம், உணவுச் சங்கிலி ஆகிய மூன்று எண்ணக்கருக்களும் ஒருங்கே தெளிவாகும்.

1. பென்குயின் ஒரு பறவையே

பென்குயின் பறப்பதில்லை. எனினும் இறகுகள், பற்களற்ற சொண்டு, ஓட்டுடன் கூடிய முட்டை, மாறா உடல் வெப்பநிலை ஆகிய இயல்புகளைக் கொண்டிருப்பதால் அது பறவைகள் வகுப்பைச் சேர்ந்ததாகும். பொதுவாக 18 பென்குயின் இனங்கள் குறிப்பிடப்படுகின்றன. மிகப் பெரியது எம்பரர் பென்குயின். அது ஒரு மீற்றருக்கு மேல் உயரமானது. மிகச் சிறியது அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரையோரங்களில் வாழும் லிட்டில் பென்குயின். அதன் உயரம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர், நிறை ஏறத்தாழ 1 கிலோகிராம்.

இவை தென் அரைக்கோளத்துக்குரியவை. கலாபகோஸ் பென்குயின்களுள் சில மட்டும் மத்திய கோட்டுக்குச் சற்று வடக்கேயும் இனம்பெருக்குகின்றன. வடமுனைப் பகுதியில் பென்குயின் இல்லை. எனவே பனிக்கரடியும் பென்குயினும் அருகருகே நிற்கும் படம் இயற்கைக்குப் பொருந்தாது.

2. இசைவாக்கங்கள்

(அ) நீந்துவதற்கானவை
• சிறகுகள் துடுப்புப் போன்று தட்டையாகவும் விறைப்பாகவும் உள்ளன.
• உடல் இரு முனையும் ஒடுங்கிய வடிவமுடையதால் நீரின் தடை குறைகிறது.
• பறக்கும் பறவைகளின் எலும்புகளைவிட அடர்த்தி கூடிய எலும்புகள் சுழியோட உதவுகின்றன. எம்பரர் பென்குயின் 500 மீற்றருக்கும் அதிகமான ஆழம் வரை செல்லக்கூடியது.
• கரிய முதுகு மேலிருந்து பார்க்கும்போது ஆழ்கடலின் இருளோடும், வெண்ணிற வயிறு கீழிருந்து பார்க்கும்போது ஒளியுள்ள நீர்ப்பரப்போடும் ஒன்றித் தோன்றும்.

(ஆ) வெப்பத்தைப் பேணுவதற்கானவை
• நெருக்கமாக அமைந்த இறகுகளிடையே சிறைப்படும் வளியும், தோலின் கீழுள்ள கொழுப்புப் படையும் வெப்பக் காவலிகளாகத் தொழிற்படுகின்றன.
• பாதங்களுக்குச் செல்லும் நாடிகளும் அங்கிருந்து திரும்பும் நாளங்களும் அருகருகே உள்ளன. நாடியிலுள்ள சூடான குருதி, திரும்பிவரும் குளிர்ந்த குருதிக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. இதனால் பனியில் நிற்கும் பாதங்களினூடாக இழக்கப்படும் வெப்பம் குறைகிறது.

(இ) உப்பை அகற்றுவதற்கானது
• உணவுடன் உட்செல்லும் மேலதிக உப்பை, கண்களுக்கு மேலேயுள்ள உப்புச் சுரப்பிகள் பிரித்தெடுத்து மூக்குத் துவாரங்களின் வழியே வெளியேற்றுகின்றன.

(ஈ) வெப்பத்தைத் தாங்குவதற்கானவை
• கலாபகோஸ் பென்குயின் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் உயரமே கொண்டது. சிறிய உடலில் கனவளவுடன் ஒப்பிடுகையில் மேற்பரப்பு அதிகம்; எனவே வெப்பம் இலகுவாக வெளியேறும்.
• வெயிலில் அது சிறகுகளை விரித்துப் பாதங்களுக்கு நிழல் கொடுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். எரிமலைப் பாறை வெடிப்புகளின் நிழலில் முட்டையிடும்.

3. உணவு

பென்குயின்கள் ஊனுண்ணிகள். அந்தாட்டிக் கடலில் இறாலை ஒத்த கிரில் எனும் சிற்றுயிரியையும் மீன், கணவாய் என்பவற்றையும் உண்கின்றன. கலாபகோஸ், தென்னாபிரிக்கா போன்ற இடங்களில் சாளை, நெத்தலி முதலிய கூட்டமாகச் செல்லும் சிறு மீன்களே முக்கிய உணவாகும். பற்கள் இல்லாவிடினும், நாக்கிலுள்ள பின்னோக்கிய முட்கள் வழுக்கும் மீனைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன.

உணவுச் சங்கிலி ஒன்று:
தாவரப் பிளாந்தன் → விலங்குப் பிளாந்தன் → நெத்தலி → பென்குயின் → கடற்சிங்கம்

4. கொழும்பில் பென்குயின் ஏன் இல்லை?

கலாபகோஸ் தீவுகளின் மேற்குப் பக்கத்தில் ஆழ்கடலின் குளிர்நீர் மேலெழுகிறது. தென்னமெரிக்கக் கரையோரமாக வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டமும் அத்தீவுகளை அடைகிறது. மேலெழும் நீர் கனியுப்புக்களைக் கொண்டுவருவதால் தாவரப் பிளாந்தன்கள் பெருகுகின்றன. அவற்றைத் தொடர்ந்து சிறு மீன்களும் பெருகுகின்றன. எனவே தரை வெப்பமாக இருப்பினும் கடல் குளிர்ந்ததாகவும் உணவு நிறைந்ததாகவும் உள்ளது.

கொழும்பைச் சூழ்ந்த கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. அடர்த்தி குறைந்த இச்சூடான நீர் மேலே மிதப்பதால் கீழுள்ள குளிர்நீர் இலகுவாக மேலெழ முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தென்கரையோரத்தில் மேலெழுச்சி ஏற்பட்டாலும் அது பருவத்துக்குரியதே. அத்துடன், தெற்கேயுள்ள பென்குயின் இங்கு வருவதாயின் உணவு குறைந்த அகன்ற வெப்பக் கடலைக் கடக்க வேண்டும், பறக்கவும் முடியாது. ஹம்போல்ட் நீரோட்டத்தைப் போன்ற குளிர்நீர்ப் பாதை எதுவும் தெற்கிலிருந்து இலங்கை வரை வருவதில்லை.

மும்பாய் நகரின் பைக்கலா மிருகக்காட்சிச்சாலை இதற்கு நல்ல உதாரணம். 2016 ஆம் ஆண்டில் தென்கொரியாவின் சியோல் நகரிலிருந்து அங்கு எட்டு ஹம்போல்ட் பென்குயின்கள் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஒன்று அவ்வாண்டிலேயே இறந்தது. ஏனையவை, குளிரூட்டப்பட்ட கூடத்தில், குளிர்ந்த நீரும் மீனும் வழங்கப்பட்டு வளர்க்கப்பட்டன. மேலெழும் குளிர்நீர் கலாபகோஸில் இலவசமாகச் செய்யும் வேலையை மும்பாயில் இயந்திரங்களும் மனிதரும் செய்ய வேண்டியுள்ளது.

5. வாழிடம் மாறினால்

எல்நினோ காலங்களில் பசுபிக்கில் வியாபாரக் காற்றுகள் வலுக்குன்ற, சூடான நீர் கிழக்கே பரவி மேலெழுச்சி தளர்கிறது. மீன் குறைந்து பென்குயின்கள் பட்டினி கிடக்கின்றன. 1982-83 எல்நினோவின்போது கலாபகோஸ் பென்குயின்களின் தொகை முக்காற் பங்குக்கும் மேல் வீழ்ச்சியடைந்தது.

ஆபிரிக்கப் பென்குயின்களில் இன்று 10,000க்கும் குறைவான இனப்பெருக்கச் சோடிகளே உள்ளன. சாளை, நெத்தலி குறைந்தமை இதற்கு முக்கிய காரணமாகும். 2024 இல் இவ்வினம் மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

எம்பரர் பென்குயினுக்கோ கடற்பனியே பிரச்சினை. அதன் ஆண் பறவை முட்டையைப் பாதங்களின் மேல் வைத்து, இருண்ட மாரியில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உண்ணாது அடைகாக்கும். 2022 இல் அந்தாட்டிக்காவின் பெலிங்ஸ்ஹோசன் கடற்பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்ததால், ஐந்து குடியிருப்புகளுள் நான்கில் குஞ்சுகள் எல்லாம் அழிந்தன. நீர் புகாத இறகுகள் வளருமுன்பே அவற்றின் கீழிருந்த பனி இல்லாமற்போயிற்று.

நினைவிற் கொள்க

பென்குயினின் பரம்பலை விளக்கும்போது வளியின் வெப்பநிலையை மட்டும் பார்த்தல் போதாது. கடல்நீரின் வெப்பநிலையையும் உணவு கிடைக்கும் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலும், "பென்குயின் குளிரைத் தாங்குவதற்காகத் தானே கொழுப்பை வளர்த்துக்கொண்டது" என எழுத வேண்டாம். குளிர்நீருக்குப் பொருத்தமான இயல்புகளைக் கொண்டவை தப்பிப் பிழைத்து இனம்பெருக்கியமையால் அவ்வியல்புகள் நிலைத்தன என்பதே சரியான விளக்கம்.

பயிற்சி வினாக்கள்

1. மேலே தரப்பட்ட உணவுச் சங்கிலியில் உற்பத்தியாக்கி எது? பென்குயின் எத்தனையாம் நுகரி?
விடை: தாவரப் பிளாந்தன், மூன்றாம் நுகரி.

2. கலாபகோஸில் மேலெழுச்சி தளர்ந்தால் பென்குயின் தொகை குறைவது ஏன்?
விடை: கனியுப்புக்கள் குறையும், தாவரப் பிளாந்தன் குறையும், அதனால் விலங்குப் பிளாந்தனும் சிறு மீன்களும் குறையும், இறுதியில் பென்குயினுக்கு உணவு கிடைக்காது. (படிகளை ஒழுங்காக எழுதுக.)

3. சிறிய உடல் கலாபகோஸ் பென்குயினுக்கு நன்மையாகவும், பெரிய உடல் எம்பரர் பென்குயினுக்கு நன்மையாகவும் இருப்பது எவ்வாறு? நீங்களே விடை எழுதிப் பார்க்குக.