எழுத்தோடு கூட வரும் முகம்

"வர்றேன்" என்று ஒருவர் நேரில் சொன்னால், அது அன்பா மிரட்டலா என்பதை அவர் முகமே காட்டிவிடும். அதே சொல் கைபேசித் திரையில் வரும்போது முகமும் இல்லை, குரலும் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க எமோஜி உதவுகிறது.

1982-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினிவழி உரையாடலில் எது கேலி என்று புரியாமல் பலர் குழம்பினார்கள். முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரித்த முகமாகப் போடலாம் என்று ஸ்காட் ஃபால்மன் யோசனை சொன்னார். 1999-இல் ஜப்பானின் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகேடகா குரிடா 176 எமோஜிச் சின்னங்களை வடிவமைத்தார். ஒவ்வொன்றுக்கும் இடம் 12-க்கு 12, அதாவது வெறும் 144 புள்ளிகள். அதற்குள் குடையும் ரயிலும் இதயமும் அடங்கிவிட்டன!

எமோஜியை அனுப்பினால் படம் போகிறது என்றுதான் நினைக்கிறோம். போவது ஓர் எண். உலகின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு, 2010-இல் எமோஜிகளையும் பெருமளவில் சேர்த்துக்கொண்டது. தமிழ் 'அ'வின் எண் 2949. கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தின் எண் 128514. பெறுகிற கைபேசி அந்த எண்ணுக்குரிய படத்தைத் தன் எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டும். அதனால்தான் படம் கைபேசிக்குக் கைபேசி மாறுகிறது. 2016-இல் ஆப்பிள் துப்பாக்கியை நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. மற்ற பெரிய நிறுவனங்கள் பலவும் 2018-இல்தான் மாற்றின. இடைப்பட்ட காலத்தில் ஒருவர் விளையாட்டாக அனுப்பிய நீர்த்துப்பாக்கி, இன்னொருவர் திரையில் நிஜத் துப்பாக்கியாகத் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது எமோஜியின் கூட்டெழுத்து முறை. பெண், நெற்கதிர் இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத 'இணைப்பான்' ஒன்றை வைத்தால் பெண் விவசாயி வருவார். நெற்கதிருக்குப் பதில் ராக்கெட் வைத்தால் விண்வெளி வீராங்கனை. இந்த இணைப்பான் அரபி, இந்திய எழுத்துமுறைகளுக்காக முன்பே உருவானது. சிங்களத்தில் 'ஸ்ரீ' எழுத இன்றும் அது வேண்டும்.

அப்படியானால் எமோஜி ஒரு மொழியா? இல்லை என்பதே என் கருத்து. நேற்று வந்தானா, நாளை வருவானா என்பதைக்கூட அதில் தெளிவாகச் சொல்ல முடியாது. மொழியியலாளர் கிரெட்சன் மெக்கல்லக் அதைப் பேச்சோடு சேர்ந்து அசையும் கையோடு ஒப்பிடுகிறார். அது சரியாகப் பொருந்துகிறது. கையசைவுக்கு ஊருக்கு ஊர் பொருள் வேறு. கூப்பிய கைகள் ஜப்பானியருக்கு நன்றி அல்லது வேண்டுகோள். நமக்கு முதலில் வணக்கம்.

இந்தப் பொருள் வேறுபாடு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2021-இல் கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில், தானியம் வாங்குபவர் ஆளி விதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி, உறுதிசெய்யச் சொன்னார். விவசாயி உயர்த்திய கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினார். விதை வரவில்லை. "ஒப்பந்தம் கிடைத்தது என்ற பொருளில்தான் அனுப்பினேன்" என்றார் விவசாயி. முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் 'சரி' என்பதுபோல் ஓரிரு சொல்லில் பதில் அனுப்பிவிட்டு விதையைக் கொடுத்திருந்ததை நீதிபதி கவனித்தார். கட்டைவிரலும் சம்மதமே என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 82,000 கனடா டாலருக்கும் மேல்.

பணம், நிலம், வேலை பற்றிய செய்திக்கு வெறும் கட்டைவிரலை அனுப்பாதீர்கள். "கிடைத்தது, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுத்திலேயே பதில் போட்டுவிடுங்கள்.