சிறுகடனும் கடல்கடந்த தொண்டும்

திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். ஈதல் மனநெகிழ்ச்சியாற் கைகூடும். ஒப்புரவோ உலகநடை அறிந்து பிறர்க்கு உதவுவது. அதற்கு இரக்கத்தோடு அறிவும் வேண்டும். கடன் கொடுத்து உதவுதல் இவ்விரண்டாவது வகையைச் சார்ந்தது. பிச்சையிட்ட கை அத்துடன் ஓய்ந்துவிடும். கடன் கொடுத்தவனோ, வாங்கியவனது வரவிலும் செலவிலும், வருகின்ற மாதங்களின் மழையிலும் வெயிலிலும் பங்காளியாகி விடுகின்றான்.

அயல்நாடுகளிலிருந்து தொண்டு செய்ய வருவோர் சிறுதொழில் செய்வார்க்குக் கடனுதவி தேடித்தரும் முயற்சி அண்மைக்காலத்தில் உலகெங்கும் பரவியுள்ளது. அது எப்போது நன்மை பயக்கும், எப்போது தீங்காய் முடியும் என்பதை ஆராய்தற்குக் கிழக்கிலங்கையின் கோமாரிக் கடற்கரை தக்கதோர் உரைகல்லாகும்.

கோமாரி, அம்பாறை மாவட்டத்தில், அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த கடலோரச் சிற்றூர். வடக்கே கல்முனை வரையும் தமிழர் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கடலிலும் களப்பிலும் மீன்பிடித்தல், வேளாண்மை, சேனைப்பயிர், மருதமுனையின் கைத்தறி நெசவு, பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் பாய் பின்னல், இடியப்பம் அவித்தல் முதலியன இக்கரையோரத்தின் பிழைப்புகள். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி எழுந்த கடற்கோள் இம்மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்டது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பு இங்கேயே நேர்ந்தது. தோணியும் வலையும் தறியும் அலையோடு போயின. அதன் பின்னரே அயல்நாட்டுத் தொண்டர் பலர் இக்கரைக்கு வந்தனர். வீடு கட்டும் பணி முடிந்தபின், தொழிலுக்கு முதல் தேடும் பணி தொடங்கிற்று.

ஏழைகள் ஒருவருக்கொருவர் பிணைநின்று கடன் பெறலாம் என்னும் கருத்துப் புதியதன்று. ஜேர்மனியில் றைபைசன் 1864ஆம் ஆண்டு கிராமியக் கடன் சங்கத்தை நிறுவினார். சென்னை மாகாணத்தில் பிரெடெறிக் நிக்கல்சன் அம்முறையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1904ஆம் ஆண்டில் இந்தியாவிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. இலங்கையில் அத்தகைய சட்டம் 1911ஆம் ஆண்டு வந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய வே. வீரசிங்கம் வடபகுதியிற் கூட்டுறவு இயக்கத்துக்கு ஆற்றிய தொண்டினை யாழ்நகரின் வீரசிங்கம் மண்டபம் இன்றும் நினைவூட்டுகின்றது. இச்சங்கங்களின் உயிர்நிலை யாதெனின், கடன் பெறுவோர் முதலிற் சேமிப்போராய் இருந்தமையே. தம் பணமும் அதிற் கலந்திருந்தமையால் ஒவ்வொருவரும் கணக்கில் விழிப்பாய் இருந்தனர். நம் ஊர்ப் பெண்கள் தமக்குள் நடத்தும் சீட்டும் இவ்வகையினதே.

1976ஆம் ஆண்டில் வங்காளதேசத்தின் ஜோப்றா என்னும் கிராமத்திலே பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு மொத்தம் 27 டொலர் கடனுதவி அளித்தார். அது 1983இல் கிராமீன் வங்கியாயிற்று. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நொபெல் பரிசு கிடைத்தது. 2005இல் அமெரிக்காவில் தோன்றிய கீவா என்னும் நிறுவனம், எந்நாட்டவரும் 25 டொலரைத் தொலைவிலுள்ள ஒரு சிறு வியாபாரிக்குக் கடனாக அளிக்க வழிசெய்தது. தொண்டர்களைக் களத்துக்கு அனுப்பிக் கடன்களைச் சரிபார்த்தது. அயல்நாட்டார் அளிக்கும் பணத்துக்கு வட்டி இல்லை. ஆயினும் அப்பணத்தை ஊரிற் பகிர்ந்தளிக்கும் நிறுவனம் பெரும்பாலும் தன் செலவுக்கென வட்டி அறவிடுகின்றது. இவ்வேறுபாட்டைத் தொண்டர் முதலில் அறிதல் வேண்டும்.

இனி, முதல் கிடைத்தால் வருமானம் பெருகுமா என்னும் வினாவுக்கு இலங்கையிலேயே விடை தேடப்பட்டது. 2005ஆம் ஆண்டு தொடக்கம் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறுதொழிலாளருள் திருவுளச்சீட்டினால் தெரிந்தெடுக்கப்பட்டோருக்குப் பொருளியலறிஞர் சுரேஷ் டி மெல், மக்கென்சி, வூட்றவ் ஆகியோர் 10,000 அல்லது 20,000 ரூபா நன்கொடையாக வழங்கி ஆராய்ந்தனர். முதலின்மேல் மாதந்தோறும் நூற்றுக்கு ஐந்து அளவான இலாபம் கிடைத்தது எனக் கண்டனர். எனினும் அவ்விலாபம் ஆண்கள் நடத்திய தொழில்களிலேயே காணப்பட்டது; பெண்களின் தொழில்களிற் சராசரியாக உயர்வு தோன்றவில்லை. சிறுகடன் நிறுவனங்களோ பெரும்பாலும் பெண்களுக்கே கடன் கொடுக்கின்றன! இம்முரண்பாட்டை 2019இல் வெளிவந்த மறு ஆய்வு ஒன்று ஓரளவு விளக்கிற்று. குடும்பத்திற் பிறிதொரு தொழிலும் இருந்தால் பெண்ணின் கைக்கு வந்த முதல் அதற்குச் சென்றுவிடுகின்றது. பெண்ணின் தொழில் ஒன்றே உள்ள வீட்டில் அவளும் ஆணுக்கு நிகராக இலாபம் ஈட்டுகின்றாள். ஆகவே கடன் வாங்குபவளை மட்டும் நோக்காது குடும்பத்தையே நோக்குதல் வேண்டும். கையெழுத்து அவளுடையது, பணம் கணவனுடையது, தவணையோ மீண்டும் அவளுடையது என்னும் நிலை பல வீடுகளில் உண்டு.

வட்டிக் கணக்கிலும் பொறி உண்டு. 50,000 ரூபா கடன்; ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டி; 52 வாரத் தவணை என்க. வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை வாரத்துக்கு ஏறக்குறைய 1,192 ரூபாவாகக் கட்டவேண்டும். வாரந்தோறும் முதல் குறைந்துகொண்டே வரவும், வட்டி மட்டும் முழுத்தொகைக்கும் கணக்கிடப்படுகின்றது. குறைந்துவரும் நிலுவையின்மீது கணக்கிட்டால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 44 ஆகும். எழுத்தறிந்தவரும் இதனை எளிதிற் காண்பதில்லை.

இதனோடு பருவமும் சேர்கின்றது. கீழ்க்கரையில் ஐப்பசி முதலாக மாரிமழையும் வாடைக்காற்றும் தொடங்கும். கொந்தளிக்கும் கடலிலே சிறுதோணிகள் இறங்க முடியாது. பெரும்போக விதைப்புக்கு அக்காலத்தில் உழவனின் காசு வயலுக்குள் போகும். அறுவடை மாசி பங்குனியில் வரும். பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவுக்கு உல்லாசப் பயணிகள் திரள்வது வைகாசி முதல் ஏறக்குறைய புரட்டாதி வரையே. வருமானம் பருவத்தில் வர, தவணை வாரந்தோறும் வருமாயின், இடையிலுள்ள வாரங்களை எதனால் நிரப்புவது? மற்றொரு நிறுவனத்தின் கடனால், அல்லது அடகுக்கடையில் வைத்த தாலிக்கொடியால். கொல்கத்தாவில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, முதல் தவணையை இரண்டு வாரத்தில் அன்றி இரண்டு மாதத்தில் தொடங்கியவர்களின் தொழில் இலாபம் நாளடைவிற் கூடியதைக் காட்டிற்று. தவணை தவறியோரும் அவர்களிடையே கூடினர். பொறுத்திருத்தலுக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைத்தல் ஆகாது.

இப்பொறிகள் ஒன்றுசேர்ந்தபோது விளைந்ததை நாடு கண்டது. நுண்நிதியளிப்புச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. ஆயினும் கடன்சுமை தணியவில்லை. 2018இல் அரசாங்கம் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைக் கட்ட இயலாத பெண்களுக்கு நிவாரணம் அறிவித்தது. 2021இல் ஹிங்குராக்கொடையிலே பெண்கள் வாரக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். முன்னேற்றும் ஏணியெனச் சொல்லப்பட்டது பலருக்குக் கழுத்துச் சுருக்காயிற்று.

அங்ஙனமாயின் இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறையில் வந்து தொண்டு செய்ய விழையும் இளைஞர் என் செய்தல் வேண்டும்? பணம் கொண்டுவருதல் அவர்தம் கடமைகளுட் கடைசியானது. குடும்பத்தின் பழைய கடன், அடகு, சீட்டு அனைத்தையும் அக்குடும்பத்தாரோடு இருந்து ஒரே தாளில் எழுதிப் பார்த்தல் முதலாவது. வருமானம் வரும் மாதங்களையும் வராத மாதங்களையும் குறித்துத் தவணையை அதற்கேற்ப அமைக்குமாறு கடன் கொடுப்போரிடம் வாதாடுதல் இரண்டாவது. உண்மை வட்டியைத் தமிழிலே, கூட்டிக் கழித்துக் காட்டுதல் மூன்றாவது. கடன் தேவையில்லாத இடத்திற் சேமிப்பே போதும் என்று சொல்லும் துணிவு நான்காவது. முஸ்லிம் ஊர்களில் வட்டி மார்க்கத்தால் விலக்கப்பட்டது. ஆங்கு வட்டியில்லாத ‘கர்ழ் ஹஸன்’ என்னும் அழகிய கடனையோ, தறியையும் நூலையும் வாங்கி இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்கும் முறையையோ மதித்து நடத்தல் வேண்டும். தவணை அறவிடும் வேலையைத் தொண்டர் ஏற்றல் தகாது. விருந்தினர் வாசலில் வந்து கேட்கும்போது இல்லையென்று சொல்ல நாணி, அடுத்த வீட்டிற் கைமாற்று வாங்கிக் கொடுப்பது நம்மவர் இயல்பு.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. தொண்டர் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ ஊர் திரும்புவர். கடனோ கோமாரியில் இருக்கும். ஆதலின் கணக்கேடு ஊரவர் கையில், ஊரவர் மொழியில், ஊர்ச் சங்கத்தின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். ‘ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. அளக்கும் கோலை ஊரவர் கையிற் கொடுத்துச் செல்பவரே பயனுள்ள தொண்டர். அவர் போனபின் ஒரு மாரிகாலம் கழிந்து, தோணியும் தாலியும் வீட்டிலேயே இருக்குமாயின், அத்தொண்டு ஒப்புரவு என்னும் பெயருக்கு உரியதாகும்.