மழை வரவில்லை... கணிப்பு பொய்யா?

"இன்று மழை பெய்ய 70 சதவீதம் வாய்ப்பு" என்று வானிலை அறிவிப்பில் சொல்கிறார்கள். நீங்களும் குடையைத் தூக்கிக் கொண்டு பள்ளிக்குப் போகிறீர்கள். சாயங்காலம் வரை சுள்ளென்று வெயில்! "தப்பாகச் சொல்லி விட்டார்களே" என்று கோபம் வருகிறதா?

கொஞ்சம் பொறுங்கள். 70 சதவீதம் பெய்யும் என்றால், 30 சதவீதம் பெய்யாமலும் போகலாம் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் மழை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி... சொன்னவர் தப்பித்துக் கொள்வாரா? அதுதான் முடியாது!

ஒரே ஒரு நாளை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. அவர் "70 சதவீதம்" என்று சொன்ன நாட்களை மட்டும் தனியே குறித்து வையுங்கள். 100 நாட்கள் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். 70 நாட்களை ஒட்டி மழை பெய்திருந்தால், அவர் சொன்ன எண் சரி. 68, 73 என்று சற்று முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. 40 நாட்கள்தான் பெய்தது என்றால் கணிப்பில் கோளாறு. 95 நாட்கள் பெய்திருந்தாலும் கோளாறுதான்! வெறும் 10 நாட்களை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அதில் 5 நாள் பெய்தது தற்செயலாகக் கூட இருக்கலாம்.

இதற்கு மார்க் போடும் முறை ஒன்றும் உண்டு. அமெரிக்க வானிலைத் துறையில் பணியாற்றிய கிளென் பிரையர், 1950ல் அதை வெளியிட்டார். அதன் எளிய வடிவம் இதோ:

மழை பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0. இதற்கும், சொன்ன வாய்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்க வேண்டும். 70 சதவீதம், அதாவது 0.7 என்று சொல்லி மழை பெய்தால், 0.3 x 0.3 = 0.09. பெய்யாவிட்டால், 0.7 x 0.7 = 0.49. எல்லா நாட்களுக்கும் இப்படிப் போட்டு, சராசரி எடுத்தால் அதுதான் மார்க். பரீட்சை போல அல்ல. இதில் மார்க் குறையக் குறையத்தான் கெட்டிக்காரர்!

"எதற்கு வம்பு" என்று தினமும் 50 சதவீதம் சொல்பவருக்கு எப்போதும் 0.25தான்; அதற்குக் கீழே இறங்கவே முடியாது. "100 சதவீதம் பெய்யும்" என்று அடித்துச் சொல்லி, ஏமாந்தவருக்கு முழுசாக 1! மனதில் பட்ட எண்ணை நேர்மையாகச் சொல்பவருக்கே இந்த முறையில் லாபம்.

நீங்களும் செய்து பாருங்களேன். தினமும் தூங்கப் போகும் முன், நாளை மழைக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மார்க் போடுங்கள். வீட்டில் 0.25க்குக் கீழே வருவது யார், பார்க்கலாம்!