நெடுங்கூந்தலின் நுனி

பாண்டியன் அவையில் ஒரு நாள் எழுந்த ஐயத்தைத் தமிழர் யாவரும் அறிவர். மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, அன்றிப் பூவும் எண்ணெயும் ஊட்டுவதால் வருவதா என்பதே அவ்வையம். இயற்கை மணம் உண்டு என்னும் கருத்தமைந்த பாட்டைத் தருமி கொண்டுவந்ததும், நக்கீரர் அதிற் குற்றங் கண்டதும், இறைவனே எதிர்வந்து நின்றபோதும் அவர் தம் கூற்றினின்று வழுவாததும் திருவிளையாடற் புராணம் கூறும் கதை. மணத்தைப் பற்றிய வழக்கு அப்படியே இருக்கட்டும். அதே வினாவைக் கூந்தலின் மினுமினுப்பைக் குறித்து எழுப்பினால் தெளிவான விடை உண்டு. வேரருகே மினுமினுப்பு இயற்கை தருவது. நுனியிலோ அது பேணுகின்ற கை தருவது.

ஒரு வீட்டின் திண்ணையில் பதினாறு வயது மகளின் பின்னலைத் தாய் அவிழ்க்கின்றாள். உச்சியிலிருந்து இடுப்புவரை தடையின்றி வழுக்கி வந்த சீப்பு, கடைசிச் சாணுக்கு வந்ததும் சிக்கி நின்றுவிடுகின்றது. அவ்விடத்து மயிர் வைக்கோல்போல் உலர்ந்து, செம்பட்டை பாய்ந்து, நுனிதோறும் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து கிடக்கின்றது. ஒரு சாண் நீளத்தை ஒரேயடியாக வெட்டிவிடலாம் என்கிறாள் மகள். ஆண்டுக்கணக்காக வளர்த்ததை வெட்டத் தாய்க்கு மனம் வரவில்லை. பிளந்த நுனியை மீண்டும் பொருத்திவிடும் என்று கடையிலுள்ள குப்பியொன்றின் விளம்பரம் சொல்கின்றது. இவற்றுள் எதனை ஏற்பது என்று முடிவு செய்வதற்கு முன்னர், அந்நுனி எத்தகையது என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்ரிமீற்றர் வளர்கின்றது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 15 சென்ரிமீற்றர். அம்மகளின் கூந்தல் 90 சென்ரிமீற்றர் நீளமாயின், அதன் நுனி தோன்றி 6 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவள் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது முளைத்த மயிரே இன்று நுனியில் இருப்பது. வாரத்துக்கு இரு முறை முழுகியிருந்தால் அந்நுனி 600 தடவைக்கு மேல் நனைந்து உலர்ந்திருக்கும். நாள்தோறும் சீப்பு அதன்மீது இழுபட்டிருக்கும். பாடசாலைக்குப் போகும் வழியில் வெயில் அதன்மீது காய்ந்திருக்கும். ஒரே தலையில் உள்ள மயிராயினும் வேரருகே உள்ளது நேற்றைய குழந்தை. நுனியில் உள்ளது முதியது. இரண்டையும் ஒரே விதமாக நடத்துவதே பெரும்பாலான கேட்டுக்குக் காரணம்.

மயிர் உயிருள்ள பொருளன்று. தோலுக்குள் இருக்கும் வேர்ப்பகுதி மட்டுமே உயிருள்ளது. அங்கிருந்து வெளிவந்த பின்னர் அது கெரற்றின் என்னும் புரதத்தாலான நார். நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து நோக்கினால் அதன் புறத்தே மெல்லிய செதில்கள் ஒன்றன்மேலொன்றாக நுனியை நோக்கி அடுக்கியிருப்பதைக் காணலாம். கிடுகினால் வேய்ந்த கூரையை இதற்கு ஒப்பிடலாம். கிடுகுகள் படிந்திருக்கும் வரை மழைநீர் மேலாக வழிந்தோடும். காற்றினால் அவற்றின் விளிம்புகள் கிளம்பிவிட்டால் நீர் உள்ளே இறங்கும். மயிரின் செதில்களும் அவ்வாறே. அவை படிந்திருந்தால் மயிர் வழுவழுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். தேய்ந்து உதிர்ந்துவிட்டால் உள்ளிருக்கும் நார்கள் வெளிப்பட்டுப் பிரிந்து நிற்கும். அதுவே நுனிப்பிளவு.

பிளந்த மயிருக்குத் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் இல்லை. கையில் ஏற்பட்ட காயம் ஆறுவது அங்கு குருதி ஓடுவதால். மயிரில் ஓடுவது ஒன்றுமில்லை. ஆகவே எந்த எண்ணெயாயினும், எந்தத் தைலமாயினும், எவ்வளவு விலையுடைய குப்பியாயினும், பிளந்த நுனியை நிரந்தரமாகப் பொருத்த மாட்டாது. சில பூச்சுகள் அடுத்த முழுக்குவரை அதனை ஒட்டியிருப்பதுபோலக் காட்டலாம், அவ்வளவே. பிளவாத நுனியைப் பிளவாமற் காப்பதும், பிளந்ததைச் சிறிது சிறிதாக நீக்குவதும் ஆகிய இரண்டே உண்மையில் செய்யத்தக்கவை.

நுனி உலர்வதற்கு முதற்காரணம் இயற்கையான நெய்ப்பு அங்கு எட்டாமையே. ஒவ்வொரு மயிர்வேரின் அருகிலும் சிறு நெய்ச்சுரப்பி உண்டு. அதன் நெய் குட்டை மயிரின் நுனிவரை பரவும். நெடுங்கூந்தலில் நுனியை அடையுமுன் தீர்ந்துபோகும். அதனால் தலையில் பிசுபிசுப்பும் நுனியில் வறட்சியும் ஒரே வேளையில் காணப்படுகின்றன. தலையின் பிசுபிசுப்பைப் போக்குவதற்காகக் கூந்தல் முழுவதையும் அடிக்கடி சவர்க்காரமிட்டுத் தேய்ப்பவர்கள், ஏற்கெனவே வறண்ட நுனியை மேலும் வறளச் செய்கின்றனர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதனோடு இன்னொரு காரணமும் சேர்கின்றது. அந்நிலம் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. கிணற்று நீரிலே கல்சியம் கரைந்திருப்பதால் அது வன்னீராகின்றது. நீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுவே. வன்னீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. கல்சியத்தோடு கூடிக் கரையாத படையொன்றாக மாறி மயிரிலே ஒட்டிக்கொள்கின்றது. அப்படை மயிரைச் சொரசொரப்பாக்குகின்றது. மேலும் சவர்க்காரம் காரத்தன்மை உடையதாதலால் மயிரின் செதில்களையும் கிளப்பிவிடுகின்றது. சீயாக்காய் அவ்வாறன்று. அதிலுள்ள சப்போனின் என்னும் பொருள் இயல்பாகவே நுரைத்து அழுக்கை நீக்கும். சவர்க்காரத்தைப்போல் படையை உண்டாக்குவதில்லை. அதன் நீர் சிறிது புளிப்புத் தன்மையும் உடையது. முன்னோர் கைக்கொண்ட முறை அந்நிலத்து நீருக்குப் பொருந்தியதாக இருந்தது என்பது இதனாற் புலனாகும். மென்மையான ஷாம்பூக்களும் வன்னீரில் அத்தகைய படையை விடுவதில்லை என்பதையும் சொல்லுதல் நேர்மை.

சீயாக்காய்த் தூளை அப்படியே தலையில் அப்பித் தேய்த்தல் நன்றன்று. அதன் துகள்கள் நுனியிற் சிக்கி மயிரை அராவும். தூளைச் சுடுநீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் வடித்து, அந்நீரைத் தலையின் தோலில் மட்டும் விரல்களால் தேய்த்துக் கழுவவேண்டும். கண்ணில் விழாமற் காத்தல் அவசியம். கழுவும்போது வழிந்தோடும் நீரே நுனியைத் தூய்மையாக்கப் போதுமானது. கூந்தலைத் தலையுச்சியில் குவித்து வைத்துத் துணி துவைப்பதுபோற் கசக்குதல் ஆகாது. செவ்வரத்தை இலையைக் கசக்கினால் வரும் வழுவழுப்பான சாற்றையும், ஊறவைத்த வெந்தயத்தின் கொழகொழப்பையும் நுனியில் தடவிச் சிறிது நேரத்தின் பின் அலசினால் மயிர்கள் ஒன்றோடொன்று உராய்வது குறையும்; சிக்கெடுப்பதும் எளிதாகும். இவற்றின் பயன் அவ்வளவே; ஆனால் நுனிக்கு அதுவே பெரும் பயன். மாரி காலத்தில் தூய பாத்திரத்திற் பிடித்த மழைநீர் மென்னீராதலால் இறுதி அலசலுக்கு அதனினும் சிறந்தது இல்லை.

அடுத்தது எண்ணெய். எண்ணெய் மயிருக்கு உணவு என்று பலர் எண்ணுகின்றனர். உயிரற்ற பொருள் உணவு உண்பதில்லை. எனினும் தேங்காயெண்ணெய் ஆற்றும் தொண்டு உண்மையானது. அதில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம். அதன் மூலக்கூறுகள் சிறியனவும் நேரானவையுமாதலால் மயிரின் உள்ளே புகவல்லவை. 2003ஆம் ஆண்டில் இந்திய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தியெண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. கழுவும்போது மயிரிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. நீரை உறிஞ்சி மயிர் வீங்குவதையும் அது குறைக்கின்றது. ஆகவே முழுகிய பின்னர் மினுக்கத்துக்காகப் பூசுவதைவிட, முழுகுவதற்கு முன்னர் காவலாகப் பூசுவதே அறிவுடைமை. எண்ணெய் தேய்த்து முழுகும் பழைய வழக்கத்தின் ஒழுங்கும் இதுவே.

முழுக்குக்கு முந்திய இரவில், ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி, கடைசி ஒரு சாண் நீளத்துக்கு முதலிலும், எஞ்சியதை அதற்கு மேலும் தடவி, தளர்வாகப் பின்னிவிடலாம். கையாந்தகரை, நெல்லிக்காய், கறிவேப்பிலை முதலியன இட்டுக் காய்ச்சிய எண்ணெயும் தடையில்லை. அவ்வெண்ணெயிலும் நுனியைக் காப்பது பெரும்பாலும் தேங்காயெண்ணெயே என்பதை நினைவிற் கொள்ளலாம். இலைகளின் ஈரம் முற்றாக வற்றும்வரை காய்ச்சாவிடின் எண்ணெய் விரைவிற் கெட்டுவிடும்.

ஈரமான மயிர் வலிமை குன்றியது. காய்ந்த மயிர் தாங்கும் இழுவையை அது தாங்காது. ஆயினும் பல வீடுகளில் கூந்தல் வன்மையாக நடத்தப்படுவது அந்நேரத்திலேதான். துவாயால் முறுக்கிப் பிழிதல், விரித்த கூந்தலைத் துவாயால் அடித்து நீரை உதறுதல், நேரமாகிவிட்டதென்று ஈரத்தோடு சீப்பை இழுத்தல் ஆகிய மூன்றும் நுனியைப் பிளக்கும் செயல்கள். பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, நிழலிற் காற்றாட உலரவிடுவதே முறை. உச்சி வெயிலில் உலர்த்துவதால் மயிரின் நிறம் வெளிறும், புரதமும் சிதையும். சாம்பிராணிப் புகை பிடிப்போர் நுனி தணலின் வெப்பத்திற் படாமற் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

சிக்கு எடுக்கவேண்டியது முழுகுவதற்கு முன்னர், எண்ணெய் தடவிய நிலையில். பல் அகன்ற மரச்சீப்பு அல்லது கொம்புச் சீப்பு இதற்கு ஏற்றது. நுனியில் தொடங்கி நான்கு விரற்கடை அளவு சீவி, பின் அதற்கு மேலே நான்கு விரற்கடை என்று படிப்படியாக ஏறவேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியிற் சென்று முடிச்சாகும். பின்னலை நாள்தோறும் ஒரே இடத்தில் றப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டினால் அவ்விடத்திலேயே மயிர் அறும். பாடசாலைப் பிள்ளைகளின் இரட்டைப் பின்னலுக்கு மெல்லிய ரிபனே நல்லது.

இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்று கருதுதலும் தவறு. தேசிக்காய்ச் சாறு கடும் புளிப்புடையது; அதனைத் தோலில் வைத்துக்கொண்டு வெயிலிற் சென்றால் தோல் புண்ணாகும். ஒரு தேசிக்காயின் சாற்றை இரண்டு லீற்றர் நீரிற் கலந்து எப்போதாவது அலசி, பின் நல்ல நீரால் முற்றாகக் கழுவுதல் போதும். அப்பச்சோடா காரமானது, அதனைத் தலைக்கு இடுதல் சவர்க்காரத்தின் குற்றத்தையே மீண்டும் செய்வதாகும்.

கத்தரிக்கோலைப் பற்றிய அச்சமும் நீங்கவேண்டும். நுனியை வெட்டினால் கூந்தல் விரைந்து வளரும் என்பது உண்மையன்று. வளர்ச்சி வேரின் செயல், நுனியில் நடந்ததை வேர் அறியாது. வெட்டினால் கூந்தல் குறுகிவிடும் என்பதும் முழு உண்மையன்று. மூன்று மாதத்தில் மூன்றே முக்கால் சென்ரிமீற்றர் வளரும் கூந்தலில் ஒரு சென்ரிமீற்றரைக் கூரிய கத்தரிக்கோலால் நீக்கினால் எஞ்சுவது வளர்ச்சியே. வெட்டாது விட்ட பிளவு மேலேறும். இறுதியில் மயிர் இடைநடுவே ஒடியும். அப்போது இழக்கப்படுவது ஒரு சென்ரிமீற்றர் அன்று.

சீப்பில் வரும் மயிரைக் கண்டு கலங்குவோர் அதன் முனைகளை உற்று நோக்குதல் நன்று. ஒரு முனையில் சிறு வெண்குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த மயிர். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அவ்வாறு உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாத குறுந்துண்டுகள் ஒடிந்தவை. அவற்றுக்கே இதுவரை கூறிய பரிகாரங்கள். கடுங்காய்ச்சலின் பின்னும் மகப்பேற்றின் பின்னும் சில மாதங்கள் மயிர் மிகுதியாக உதிர்ந்து, பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். உதிர்வு நில்லாதிருந்தாலோ, உடற்சோர்வும் வெளிறலும் சேர்ந்து காணப்பட்டாலோ இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் சுரப்பியின் கோளாறு முதலியன காரணமாயிருக்கலாம். அப்போது நாடவேண்டியது எண்ணெய்க் குப்பியை அன்று, வைத்தியரை.

திண்ணையிலிருக்கும் தாய்க்கும் மகளுக்கும் இடையிலான வழக்கு இதனால் ஒருவாறு தீர்கின்றது. ஒரு சாணை ஒரே நாளில் வெட்டவேண்டியதில்லை. ஒன்றையும் வெட்டாது காக்கவும் இயலாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு விரற்கடைக்கும் குறைவாக நீக்கிக்கொண்டு, எஞ்சியதை எண்ணெயாலும் பொறுமையாலும் காத்துவந்தால், சில ஆண்டுகளில் அந்தப் பழைய நுனி முழுவதும் கழிந்துவிடும். கூந்தலின் நீளமும் குன்றாது. இன்று மகளின் தலையில் அரும்பும் மயிர், அவள் இருபத்திரண்டு வயது மங்கையாகும்போது பின்னலின் நுனியாக நிற்கும். அந்நுனியைக் காக்கும் வேலை இன்றைய முழுக்கிலேயே தொடங்கிவிடுகின்றது.