புகை தெரியவில்லை என்றால் காற்று சுத்தமா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் நெஞ்சுநோய்ப் பிரிவில் கூட்டம் நிறைந்துவிடும். வடசென்னையின் எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் அதிகம். வாரக்கணக்கில் இருமி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் வருகிறார்கள் என்பதே என் வருத்தம்.

அண்மையில் வந்த ஓர் அம்மா, கையிலிருந்த பாலித்தீன் கவரை மேசையில் கொட்டினார். பாதி சாப்பிட்டு நிறுத்திய ஆன்டிபயாட்டிக் அட்டை, இருமல் சிரப், பெயர் தெரியாதபடி கத்தரித்துக் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரைகள். அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. "மெடிக்கல்ல கொடுத்தாங்க டாக்டர், போட்டா உடனே கேக்குது" என்றார். கேட்கத்தான் செய்யும். கூடவே சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்வதில்லை.

"எங்க பக்கம் முன்ன மாதிரி புகையே இல்லையே, எனக்கு ஏன் இழுக்குது?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி.

துகள் காற்றிலேயே பிறக்கிறது

அனல் மின்நிலையப் புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் கருவி இருக்கிறது. அதனால் புகை கறுப்பாகத் தெரிவதில்லை. ஆனால் நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து வரும் கந்தக டை ஆக்சைடு வாயுவை அந்தக் கருவி பிடிக்காது. லாரியும் காரும் நைட்ரஜன் ஆக்சைடுகளை விடுகின்றன. யூரியா போட்ட வயலிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் அம்மோனியா எழுகிறது. இவை காற்றில் கலந்து வினைபுரிந்து சல்பேட், நைட்ரேட் துகள்களாகின்றன. 2.5 மைக்ரானுக்கும் சிறிய இந்தத் துகள் மூக்கில் தங்காது. நுரையீரலின் அடிவரை போய்விடும். மார்கழிப் பனியின் ஈரத்தில் சல்பேட் இன்னும் வேகமாக உருவாகும். காற்று இதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போகும் என்பதால், புகைபோக்கி கண்ணில் படாத ஊர்க்காரரும் தப்ப முடியாது.

நம்பிக்கைகள் எத்தனை!

வெல்லம் தின்றால் நுரையீரல் கழுவப்படும் என்கிறார்கள். வெல்லம் போவது வயிற்றுக்கு.

ஆவி பிடித்தால் அழுக்கு வெளியேறுமாம். மூக்கடைப்பு சற்று விலகலாம். ஆழத்தில் படிந்த துகளை ஆவி தொடாது. கொதிநீர் கொட்டி வெந்துபோன தொடையுடன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தை நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும்.

சாம்பிராணி காற்றைச் சுத்தம் செய்யும் என்பார்கள். மூடிய அறையில் அதுவும் கொசுவர்த்திச் சுருளும் தருவதும் நுண்துகளைத்தான்.

"கடற்காத்துதானே டாக்டர்" என்பவர்களுக்கு: துறைமுகத்துக்கு வரும் கப்பல்களும் எண்ணெய் எரிக்கின்றன. 2020இல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. அப்படிக் குறைத்த பிறகும் அது நம் பிஎஸ்-6 டீசலின் வரம்பைப்போல 500 மடங்கு.

இன்ஹேலர் 'பழகிவிடும்' என்ற பயம்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போகிறது; இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில், அதுவும் நேரே நுரையீரலுக்கு. பயப்பட வேண்டியதை விழுங்கிவிட்டு, காப்பாற்றுவதைத் தள்ளி வைக்கிறோம்.

வாயுவைக் குறைத்தால் பலன் உண்டா?

உண்டு. பெய்ஜிங்கில் நுண்துகளின் ஆண்டுச் சராசரி 2013இல் கனமீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம், 2020இல் 38. தூசியை மட்டும் துடைத்து வந்த மாற்றமல்ல இது. மின்நிலையங்களின் கந்தக வாயுவைப் பிடித்ததும், வீடுகளில் நிலக்கரி எரிப்பதைக் குறைத்ததும் அதில் பெரும்பங்கு வகித்தன. ஆனால் ஒரு வாயுவைக் குறைத்தால் அதே அளவில் துகளும் குறையும் என்று எண்ணக்கூடாது. கந்தகம் குறையும்போது மிஞ்சும் அம்மோனியா, நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து உருவாகும் நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து நைட்ரேட் துகளாகிவிடும். சீனாவில் நைட்ரேட்டின் பங்கு இப்படித்தான் உயர்ந்தது. நைட்ரேட் குளிரில்தான் துகளாக நிலைக்கும், வெயிலில் பெரும்பாலும் வாயுவாகவே திரும்பிவிடும். அதனால் வெயில் மிகுந்த சென்னையில் முதலில் கை வைக்க வேண்டியது கந்தகத்தில் என்பது என் கருத்து.

வழி புதிதல்ல. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்தால் கந்தக வாயு ஜிப்சமாகிவிடும். நம் நாட்டில் 2015 டிசம்பரிலேயே மின்நிலையங்களுக்கு இந்த வாயுவுக்கான வரம்பு வந்தது. கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். மூச்சுத்திணறலோடு வருபவர்களைத் தினமும் பார்க்கும் எனக்கு இதை ஏற்க மனம் வரவில்லை.

பரிசோதனை

இருமலும் இழுப்புமாக வருபவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும், ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் போதும்.

கையெடுத்துக் கேட்கிறேன்

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் வந்துவிடுங்கள். மூச்சிரைப்பால் பேச்சு தடைபட்டாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள், 108ஐ அழையுங்கள். வெளியே போனால் என்-95 போடுங்கள். துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது, அவ்வளவுதான் அதன் எல்லை. போகிக்கு டயர் கொளுத்தாதீர்கள். டயரில் கந்தகமும் இருக்கிறது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னைக்கு வந்த விமானங்கள் திருப்பி அனுப்பப்பட்டதை மறந்துவிட்டோமா? அன்றும் குழந்தைகள் அந்தக் காற்றைத்தான் இழுத்தார்கள்.

உங்கள் பகுதியில் மின்நிலையத்துக்கோ ஆலைக்கோ கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் தயவுசெய்து போங்கள். சாம்பலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். கந்தக வாயுவைப் பிடிக்கும் கருவி எந்த மாதம் ஓடத் தொடங்கும் என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.